ஓரிரு இடங்களில் மழை

நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லிப் பிழைக்கிறவர்களில் ஜோசியருக்கு ஒரு வசதி உண்டு. அவர் சொன்னது பலிக்கவில்லை என்று தெரிவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். வானிலை வாசிக்கிறவளுக்கு மறுநாள் காலையில் பால் வாங்கப் போகும்போதே தீர்ப்பு வந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கிச் சில வருஷம் நான் அரியலூரில் ஒரு கேபிள் டிவியில் உள்ளூர்ச் செய்தி வாசித்தேன். முதலாளி செல்வராசு அண்ணன். வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒரு சேனல் சும்மா கிடக்கிறதே என்று உள்ளூர்ச் செய்தி ஆரம்பித்தார். கேமரா காதர் பாய். அதுவரை கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். நான் தமிழில் பி.ஏ. முடித்துவிட்டு, லாரி ஆபீசில் கணக்குப் பார்க்கிற ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ழகரம் நன்றாக வருகிறது என்று என்னை உட்காரவைத்தார்கள். கடைமாடியில் ஓர் அறை, பின்னால் நீலத்துணி. ஃபேன் ஓடினால் சத்தம் பதிவாகும் என்று நிறுத்திவிடுவார்கள். சித்திரை மாதத்தில், ஃபேன் இல்லாத அறையில், பட்டுப்புடவையோடு உட்கார்ந்து, 'வெப்பம் மேலும் அதிகரிக்கும்' என்று சிரித்த முகமாக வாசித்துப் பார்த்தால்தான் அந்த வேலை என்னவென்று தெரியும்.

செய்தியின் கடைசியில் வானிலை. மதியம் ரேடியோவில் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு போய் வாசிப்பேன். மற்ற மாதங்களில் அதை யாரும் கவனிப்பதில்லை. பங்குனி பிறந்துவிட்டால் போதும், அந்த ஒரு நிமிஷத்துக்காகவே டிவி போடுவார்கள். எள், முந்திரி, வெங்காயம், செங்கல், கல்யாணப் பந்தல் என்று எல்லாமே வெட்டவெளியில் கிடக்கிற மாதங்கள் அவை. மழை வேணும் என்கிறவரும் வேண்டாம் என்கிறவரும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருப்பார்கள். இருவருக்கும் நடுவில் நான். அடுத்தவர் சொன்னதை எடுத்துச் சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த உரிமையில்தான் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன்.

எந்த ரெண்டு?

சேர்ந்த முதல் கோடையிலேயே இது நடந்தது. 'உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்' என்று முந்தின நாள் வாசித்திருந்தேன். மறுநாள் காலை விக்கிரமங்கலத்திலிருந்து ஒருவர் பஸ் பிடித்து எங்கள் மாடிக்கு வந்துவிட்டார். எள் அறுத்துக் கட்டி வயலில் சாத்தி வைத்திருக்கிறார். இன்னும் சில நாள் காய்ந்தால் உலுக்கி எடுத்துவிடலாம். அதற்குள் மழை விழுந்தால் காயெல்லாம் வெடித்து எள் மண்ணோடு போய்விடும். தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாக, எந்த ரெண்டு இடம் என்று கேட்டார்.

ஓரிரு இடம் என்றால் இன்ன இடம் என்று கணக்கு இல்லை, எங்கே வேண்டுமானாலும் பெய்யலாம் என்று நான் விளக்கினேன். குழந்தை பேசுவதைக் கேட்பதுபோல முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். ஒண்ணு ரெண்டு என்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஊர்ப்பெயர் மட்டும் எப்படித் தெரியாமல் போகும் என்றார். செல்வராசு அண்ணன் உள்ளே வந்து, மெட்ராஸில் இருக்கிறவர்கள் ஊர்ப்பெயரை எங்களுக்கே சொல்வதில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வந்தவர் அவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எல்லாருக்கும் சொல்ல வேணாங்க. எங்க ஊரு அந்த ரெண்டுல ஒண்ணா இல்லியா, அத மட்டும் காதோட சொல்லிடுங்க. பஸ்ஸுக்கு நேரமாவுது."

காதர் பாய் சொன்ன வழி

அந்தக் கோடையிலேயே தொடர்ந்து சில நாள் மழை என்று வாசித்து, ஒரு பொட்டுக்கூட விழவில்லை. நான் என்னமோ கையில் வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்கிற மாதிரி ஊர் என்னைப் பார்த்தது. இஸ்திரி போடுகிறவர் வேட்டியை மடித்துக்கொண்டே, மழை வருமா என்று கேட்காமல், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். கோயிலில் அர்ச்சகர் விபூதி கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அழுதேன் என்று சொன்னால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

மறுநாள் பதிவுக்கு முன்னால், வானிலையை வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்று காதர் பாயிடம் புலம்பினேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். கல்யாண கேசட்டை எந்தத் தேதியில் கொடுப்பேன் என்று சொன்னாலும் அந்தத் தேதியில் எடிட்டிங் முடியாதாம். பெண் வீட்டார் கடைக்கு வந்து நின்று சண்டை போடுவார்களாம். ஒருநாள் தேதியோடு ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னாராம். அதிலிருந்து சண்டையே கிடையாதாம். என்ன வார்த்தை என்று கேட்டேன்.

"இன்ஷா அல்லாஹ்னு சேத்துக்கம்மா. அப்புறம் மழை வர்றதும் வராததும் உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லாத விஷயம்."

பெரம்பலூரில் நேற்று

எங்கள் செய்திக்குக் கொஞ்சம் பெயர் வந்ததும் பெரம்பலூர்ப் பக்கத்து ஆபரேட்டர்களும் கேட்டார்கள். இந்தக் காலம் மாதிரி அங்கிருந்து இங்கே அனுப்பிவிடுகிற வசதியெல்லாம் கிடையாது. கேசட்டில் ஒரு காப்பி எடுத்து, காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். அவர்கள் போய் வாங்கி அன்று சாயங்காலம் போடுவார்கள். அதாவது நான் 'நாளை' என்று சொல்கிற நாள் பெரம்பலூரில் ஏறத்தாழ முடிந்துபோயிருக்கும். இது எங்களில் யாருக்கும் உறைக்கவே இல்லை.

சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் பெரம்பலூர் போனபோது, பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு டீயோடு பன்னும் கொடுத்தார். எங்கள் வானிலையை விடாமல் பார்ப்பதாகச் சொன்னார். நான் பயந்துகொண்டே, சொன்னபடி நடக்கிறதா என்று கேட்டேன். பிசகே கிடையாது என்று அடித்துச் சொன்னார். எனக்கு நம்ப முடியவில்லை. ஏதோ என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறார் என்று நினைத்துத் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஊருக்குத் திரும்பிய கையோடு செல்வராசு அண்ணனிடம் சொல்லி, பதிவை மதியத்துக்கு மாற்றி, நாலு மணி பஸ்ஸிலேயே கேசட்டை ஏற்ற ஏற்பாடு செய்தேன். ஆனால் பெரம்பலூரில் என் பெயர் அதற்கப்புறம்தான் கெட்டது. அந்த டீக்கடைக்காரர் அன்று சொன்னது இதுதான்:

"வானம் முன்னாடியே பெஞ்சு முடிச்சுடுது, நீங்க சாயங்காலம் வந்து அதையே கரெக்டா சொல்றீங்க. பொய்யே சொல்லாத ஒரே நியூஸ் உங்களுதுதாங்க."

பச்சைப் புடவை

என்னிடம் கேமராவுக்கு எடுபடுகிற புடவைகள் கொஞ்சம்தான். அதில் பச்சைப் புடவைதான் நீலத்துணிக்கு முன்னால் நன்றாகத் தெரிகிறது என்று காதர் பாய் சொல்வார். எப்படியோ நான் பச்சை கட்டிய நாளெல்லாம் மழை பெய்வதாக ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. திருமானூர்ப் பக்கம் சூளை வைத்து நடத்துகிற சகுந்தலா என்ற அம்மா ஒருநாள் ஆபீசுக்கு போன் செய்தார். அறுத்த செங்கல் எல்லாம் வேகாத பச்சைக்கல்லாக வெளியில் அடுக்கிக் கிடக்கிறது, சூளை மூட்டுகிற வரைக்கும் அந்தப் புடவையைத் தயவுசெய்து கட்ட வேண்டாம் என்றார். சிரிப்பாக இருந்தாலும், புருஷன் இல்லாமல் தனியாகச் சூளை நடத்துகிறவர், குரலில் விளையாட்டு இல்லை. சரி என்று வாக்குக் கொடுத்து, அந்த வாரம் முழுக்க அரக்குப் புடவையும் மஞ்சள் புடவையுமாக மாற்றிக் கட்டி ஓட்டினேன்.

வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று வந்தது. பின்னாலேயே சடசடவென்று மழை. எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் பஸ் ஏறிச் சூளைக்கே போய்விட்டேன். ஓரத்தில் இருந்த இரண்டு வரிசைக் கல் கரைந்து சேறாகியிருந்தது. மற்றதையெல்லாம் தார்ப்பாயும் தென்னங்கீற்றும் போட்டு ஆட்களோடு சேர்ந்து அவரே மூடிக் காப்பாற்றியிருந்தார். கை முழங்கை வரைக்கும் செம்மண். நான் சொன்ன வாக்கு தவறவில்லை, நேற்றுகூட அரக்குப் புடவைதான் கட்டியிருந்தேன் என்று சொன்னேன். பார்த்தேன் என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆட்களுக்குக் கேட்காதபடி பக்கத்தில் வந்து கேட்டார்:

"புடவை சரிங்க. உள்பாவாடை என்ன கலரு?"

செட்டிகுளத்துப் பெண்கள்

செட்டிகுளம் மலைக்கோயிலுக்கு நானும் வீட்டுக்காரரும் போய்விட்டு இறங்கி, பஸ்ஸுக்காக நின்றோம். வெங்காயம் பிடுங்கிவிட்டு வந்த பெண்கள் சிலர் மரநிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் செல்லம்மா என்கிறவர் எழுந்து வந்து, டிவியில் மழை சொல்கிறவர் நீங்கள்தானே என்று கேட்டார். பிடுங்கிப் போட்ட வெங்காயம் நனைந்துவிட்டால் காற்றோட்டமாகப் பட்டறை போட்டுச் சேமித்தாலும் அழுகிப்போகும். மழை இல்லை என்று நான் சொன்ன ஏதோ ஒரு நாளைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் மெதுவாக நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

செல்லம்மா கேட்டது வேறு. மற்ற நாளில் இவர்கள்தான் விடியற்காலையில் நிலம் வைத்திருக்கிற காட்டுக்காரர்களின் வாசலில் போய், இன்றைக்கு வேலை உண்டா என்று கேட்டு நிற்க வேண்டுமாம். வா என்றாலும் போ என்றாலும் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்களாம். மழை வரும் என்று நான் சொல்லிவிட்டால் நிலைமை தலைகீழ். எல்லோருக்கும் ஒரே நாளில் வெங்காயத்தைப் பிடுங்கி உள்ளே சேர்த்தாக வேண்டும். டிராக்டரை எடுத்துக்கொண்டு இவர்கள் தெருவுக்கே வந்து நிற்பார்களாம். காட்டில் காபிகூடக் கிடைக்குமாம். இதைச் சொல்லும்போது மற்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். செல்லம்மா மட்டும் சிரிக்காமல் சொன்னார்:

"வாரத்துல ஒரு நாளாச்சும் மழைன்னு சொல்லுங்கம்மா. அன்னிக்கித்தான் எங்களையும் 'வாங்க'ன்னு கூப்புடுறாங்க."

மாவட்டமும் மழையும்

அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். ஊரே மிட்டாய் கொடுத்தது. நானும் 'அரியலூர் மாவட்டத்தில்' என்று கொஞ்சம் அழுத்தியே வானிலை வாசித்தேன். போர்டெல்லாம் எழுதி முடித்துப் பெயிண்ட் காய்வதற்குள் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் பழைய வழக்கப்படி 'பெரம்பலூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில்' என்று வாசித்துவிட்டு வந்தேன். தெருமுனையில் கடலை மண்டிக்காரர், துக்க வீட்டில் நிற்கிற முகத்தோடு நிறுத்திக் கேட்டார்:

"மாவட்டத்தத்தான் அங்க சேத்துட்டாங்க. மழை வந்தா நம்ம பங்க இங்கயே குடுத்துடுவாங்களா, இல்ல அதுக்கும் பெரம்பலூர் போயித்தான் வாங்கணுமா?"

ஒரு திருவிழா விண்ணப்பம்

கீழப்பழுவூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து விழாக் கமிட்டிக்காரர்கள் விளம்பரம் கொடுக்க வந்தார்கள். இரண்டு வருஷமாக ஏரி காய்ந்து கிடக்கிறது, அதனால் இந்தச் சித்திரையில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிப் பெரிதாகச் செய்கிறார்கள். மழை வேண்டித்தான் இந்த விழா என்பதை விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடச் சொன்னார்கள். பால்குடம், தேர், கடைசி நாள் நாடகம் என்று எல்லாவற்றையும் நான் எழுதிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து எழுந்தவர்கள் போகாமல் நின்றார்கள். தலைவர் மட்டும் வாசற்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அந்த வாரம் வானிலை எப்படி என்று கேட்டார். மழைக்கு வாய்ப்பு இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று நான் சந்தோஷமாகவே சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. நாடகக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, மேடை போடுகிற இடமோ தாழ்வான களம், சாரல் விழுந்தாலும் சகதியாகிவிடும் என்றார். மழை கேட்டுத்தானே விழா எடுக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். அவருக்கு அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை. மிகவும் பணிவாகவே சொன்னார்:

"ஆத்தாகிட்ட மழை கேட்டிருக்கோங்க, அது நிச்சயம் குடுக்கும். உங்ககிட்ட கேக்குறது, நாடகம் முடியிற வரைக்கும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லித்தான்."

யாரும் பார்க்காத நாள்

ஒரு வைகாசி நாளில், பலத்த காற்றுடன் இன்று மாலையே மழை பெய்யும் என்று ரேடியோ வழக்கத்துக்கு மாறாகத் தெளிவாகச் சொன்னது. நானும் 'கூடும்' என்று இழுக்காமல் 'பெய்யும்' என்று வாசித்துப் பதிவு செய்தேன். சாயங்காலம் டிவி முன்னால் பெருமையாக உட்கார்ந்தேன். என் முகம் வருவதற்குச் சற்று முன்னால் காற்று அடித்தது. ஜன்னல் அறைந்தது, கரண்ட் போனது. தெருவில் புளியமரக் கிளை முறிந்து எங்கள் கேபிளையும் அறுத்துக்கொண்டு விழுந்தது. ஊர் முழுக்க இருட்டில் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மழையைச் சரியாகச் சொல்லியிருக்கிறேன், அதை ஒரு ஜீவன் பார்க்கவில்லை. மெழுகுவத்தி ஏற்றிவைத்துவிட்டு வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாகச் சொன்னார்:

"பரவால்ல விடு. பாத்திருந்தா நாளையிலேருந்து உன்ன நம்ப ஆரம்பிச்சிருப்பாங்க. அது இன்னும் கஷ்டம்."

பனைமரத்தடி

கோடை மழை வந்தால் இடி இல்லாமல் வராது. எங்கள் பக்கம் வருஷா வருஷம் வயலில் யாராவது போய்விடுவார்கள். அந்தச் செய்தியையும் நான்தான் வாசிக்க வேண்டும். ஒரு தடவை அப்படி ஒரு பெண்ணின் பெயரை வாசித்தபோது நடுவிலேயே நிறுத்திவிட்டேன், காதர் பாய் மறுபடி பதிவு செய்தார். அதிலிருந்து வானிலையோடு என் சொந்தமாக நாலு வரி சேர்த்துக்கொண்டேன். இடி இடிக்கும்போது ஒற்றை மரத்தடியில் நிற்காதீர்கள், பனைமரத்தடியில் நிற்கவே நிற்காதீர்கள், ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் போய்விடுங்கள் என்று. செல்வராசு அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. என் நாலு வரியால் ஜவுளிக்கடை விளம்பரத்தின் கடைசியில் வரும் பாட்டு வெட்டுப்படுகிறது என்று கடைக்காரர் கோபித்துக்கொண்டாராம். எனக்கும் அண்ணனுக்கும் தினம் வாக்குவாதம். அந்த நாலு வரியை எடுத்தால் நான் வாசிக்க வரமாட்டேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார், ஆனால் எடுக்கவில்லை.

அந்தச் சித்திரையில் ஜெயங்கொண்டம் பக்கம், அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த மாரிமுத்துவும் அவர் மனைவி அஞ்சலையும் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். அஞ்சலை முந்தின வாரம் அரிசி வாங்கப் போன கடையில் டிவி ஓடியிருக்கிறது. நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். மறுநாள் மதியத்துக்கு மேல் வானம் கறுத்து இடி கிளம்பியதும், மாரிமுத்து வழக்கம்போல ஆடுகளை ஓட்டிக்கொண்டு பனைமரத்தடியில் போய் நின்றிருக்கிறார். அஞ்சலை மழையில் ஓடிப்போய், டிவியில் சொன்னார்கள் என்று கத்தி, தோள் துண்டைப் பிடித்து இழுக்காத குறையாக மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பனையில் இடி விழுந்திருக்கிறது. அங்கேயே நின்றுவிட்ட ஆடுகளில் சில செத்துவிட்டன. இதைச் சொல்லிவிட்டு மாரிமுத்து சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். செல்வராசு அண்ணன் எழுந்து போய் அவருக்குத் தன் கையாலேயே டீ வாங்கிவந்து கொடுத்தார். அன்றிலிருந்து ஜவுளிக்கடைப் பாட்டு வெட்டுப்பட்டபடியேதான் ஓடியது.

டீ குடித்தபிறகு மாரிமுத்துவுக்குப் பேச்சு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவளும் இடி நேரத்தில் மரத்தடிக்குப் போகாதே என்றுதான் சொல்கிறாள், நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை, டிவியிலேயே சொல்லிவிட்டார்களே என்றுதான் நகர்ந்தேன் என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அஞ்சலை புருஷனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்:

"அப்புடின்னா அடுத்த வாரம் சாராயத்தப் பத்தியும் நாலு வரி சேத்து வாசிச்சிருங்கம்மா. அதையும் நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு."

முந்திரிக் கிடங்கில் பந்தி

ஜெயங்கொண்டத்துக்கு வெளியே முந்திரிக்காடு வைத்திருந்த கலியபெருமாள், வைகாசியில் தன் மகள் கல்யாணத்துக்கு என்னை நேரில் வந்து அழைத்தார். பத்திரிகை அடிப்பதற்கு முன்பே எந்த முகூர்த்தத்தில் மழை இருக்காது என்று கேட்டு வந்தவர்தான். அவ்வளவு முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது என்று நான் கைவிரித்திருந்தேன். பரவாயில்லை, நீங்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும் என்றார். முந்தின நாள் ரேடியோ வறண்ட வானிலை என்றது. நானும் அதையே வாசித்துவிட்டு நிம்மதியாகக் கல்யாணத்துக்குப் போனேன். அங்கே போனால் வேறு புயல். நிச்சயதார்த்தத்தில் தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் முறைத்துக்கொண்டு, தாலி கட்டியதும் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முறையாக வந்து கூப்பிட்டால்தான் சாப்பாடு என்றார். அவர் சாப்பிடாமல் மாப்பிள்ளை வீட்டார் யாரும் இலையில் உட்காரவில்லை. கூப்பிடப் போனால் கௌரவம் போய்விடும் என்று பெண் வீட்டில் சில பெரியவர்கள் கலியபெருமாளைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தெற்கே கறுத்தது. ஒரே காற்று. பந்தல் துணி பட்டம் மாதிரி எழும்பி முந்திரிமரத்தில் போய் மாட்டிக்கொண்டது. அத்தனை பேரும் முதலில் திரும்பிப் பார்த்தது வானத்தை இல்லை, என்னை. அதற்குள் மழை வந்துவிட்டது. பக்கத்திலிருந்த முந்திரிக் கிடங்குக்குள் ஓடினோம். சாம்பார் அண்டா மட்டும் அடுப்புமேட்டில் நனைந்துகொண்டிருந்தது. கலியபெருமாள் ஓடிப்போய் ஒரு காதைப் பிடித்தார். இன்னொரு காதைப் பிடிக்க ஆளில்லாமல் திணறியபோது, வேப்பமரத்தடியிலிருந்து சொட்டச் சொட்ட ஓடிவந்து பிடித்தவர் அந்தத் தாய்மாமன். இரண்டு பேரும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குள் வந்தார்கள். மூட்டைகள்மேல் இலையைப் போட்டு, யார் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கையில் கிடைத்ததைப் பரிமாறிக்கொண்டார்கள். தாய்மாமனே வாளி தூக்கிப் பெண் வீட்டாருக்குச் சாம்பார் ஊற்றினார். நான் மூலையில் ஒரு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தேன். கலியபெருமாள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, கூடுதலாக ஒரு வடையை என் இலையில் வைத்துவிட்டுக் காதருகில் சொன்னார்:

"நீங்க மழைன்னு சொல்லியிருந்தா தகரக் கொட்டகை போட்டிருப்பேங்க. போட்டிருந்தா இந்த மனுசன் இன்னமும் அந்த வேப்பமரத்தடியிலதான் உக்காந்திருப்பாரு."

எனக்கு அடுத்து வந்தவர்

கைக்குழந்தையோடு அந்த அறையில் வேலை பார்க்க முடியாமல் நான் நின்றுவிட்டேன். எனக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் படித்த ஒரு பையனைப் போட்டார்கள். அவர் ரேடியோவை நம்பி உட்காரவில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய், மேகம் நகர்கிற படத்தையெல்லாம் பார்த்துவிட்டு வந்து வாசித்தார். சொன்னது பெரும்பாலும் நடந்தது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைதான். ஒரு மாசிக் கடைசியில் மாடியில் குழந்தைத் துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு விமலா அவர்கள் மாடியில், பாதி காய்ந்த கூழ்வடகத்தைப் பாயோடு சுருட்டி அவசர அவசரமாக உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. எதற்கு இந்த அவசரம் என்று கேட்டேன். சாயங்காலம் மழை என்று புதுப் பையன் சொல்லிவிட்டார், இனி அதில் மாற்றமே இருக்காது என்றாள். நல்லதுதானே, சரியாகச் சொல்கிற ஆள் கிடைத்துவிட்டாரே என்று நான் பெருந்தன்மையாகச் சொல்லிவைத்தேன். அவள் பாயைத் தோளில் சாத்திக்கொண்டு, என்னைக் குறை சொல்கிற தொனியில் சொன்னாள்:

"என்னத்த நல்லது போங்கக்கா. நீங்க மழைன்னு சொன்னா, வராதுங்கற தைரியத்துல நான்பாட்டுக்கு ரெண்டு படி வடகம் புழிஞ்சு போட்டுருவேன்."

இப்படியாக, பெய்த மழையெல்லாம் சாமி பேரிலும் பெய்யாத மழையெல்லாம் என் பேரிலும் எழுதப்பட்ட ஒரு வேலையை, வானத்தின்மேல் ஒரு வருத்தமும் இல்லாமல் சில வருஷம் பார்த்து முடித்தேன்.